பிரிக்காத எஞ்சின் என்றாயாமே

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. முந்தாநாள் போனில் உன் குரலைக் கேட்டபோதே நீ நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. உன்னால் ஒரு மனிதருக்குத் தோள் எலும்பு உடைந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். நீ எதையோ மென்றுகொண்டே, "பழைய வண்டிப்பா, அது அப்படித்தான் இருக்கும்" என்கிறாய். நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு மீட்டிங் வராது. உட்கார்ந்து முழுதாகப் படி.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாக்கள் மகனுக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உன்னைத் தோளில் உட்கார வைத்துத் தேர் காட்டினேன், ராத்திரி முழுக்க உன் காய்ச்சலுக்கு விழித்திருந்தேன் என்று ஆரம்பித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தேர் காட்டினேன், காய்ச்சலுக்கும் விழித்திருந்தேன். அதையெல்லாம் இப்போது சொல்லிக் குழைய எனக்கு மனசில்லை. "கோபம் ஆறட்டும், அப்புறமா எழுதுங்க" என்று உன் அம்மா சொன்னாள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே என்னைத் தெரியும். அதனால்தான் கல்யாணப் பத்திரிகைக் கட்டை மேஜையில் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோ நம் வாசலில் வந்து நின்றது. பின்னால் என் வண்டி படுத்துக் கிடந்தது. கண்ணாடி உடைந்து, ஹேண்டில் ஒருபக்கம் வளைந்து, டேங்க் முழுக்கக் கீறல். முன் சீட்டிலிருந்து இறங்கியவர் காதர் பாய். நீ வண்டியை விற்ற அதே உப்பிலியபுரத்துக்காரர். நான் அதுவரை அவரைப் பார்த்ததில்லை. பச்சைமலை அடிவாரத்திலிருந்து மேலே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வண்டியில் துணி மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்கிறவர். நைட்டி, லுங்கி, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை. வலது கையைத் தூளியில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். வாசற்படி ஏறவில்லை. தெருவில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"இது உங்க வண்டிதானே ஐயா? இறக்கி வச்சிட்டுப் போறேன். எனக்கு வேணாம்."

"உள்ள வாங்க பாய். உட்காந்து பேசுவோம்."

"உட்கார வரலைங்க. உங்க மவன்கிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இஞ்சின் பிரிச்சதான்னு கேட்டேன். அல்லா மேல ஆணையா அதைத்தான் மொதல்ல கேட்டேன். 'பிரிக்காத இஞ்சின் பாய், எங்கப்பா கண்ணு மாதிரி வச்சிருந்தாரு, நேரத்துக்கு ஆயில் மட்டும் மாத்துங்க, வேற ஒண்ணும் பாக்க வேணாம்'னாரு. இதோ, இதே வாசல்ல நின்னுதான் சொன்னாரு."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து மெஸ்ஸில் இட்லி வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். உன் அம்மாதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். மலை ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது கியரில், பின்னால் மூட்டையோடு, எஞ்சினில் கரகரவென்று ஒரு சத்தம். என்ன என்று காலை ஊன்றுவதற்குள் பின் சக்கரம் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிட்டது. வண்டியோடு ஓரத்துக் கல்லில் விழுந்திருக்கிறார். மூட்டை ஓடைக்குள். தீபாவளிக்குத்தான் மேலே வியாபாரம் நன்றாக இருக்குமாம். இந்தத் தீபாவளி முழுக்க அவருக்குக் கட்டிலில்தான்.

"ஆயில் பாத்தீங்களா பாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலைங்க. நடுவுல அது கொறையும்னு யாருங்க நெனைப்பா? யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. நீ சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னவனும் நீதான்.

அந்த எஞ்சின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது என்று உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. இரண்டு முறை. முதல் முறை நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். என் தொழில் என்ன என்று உன் ஆபீஸில் கேட்டால் "அப்பா பிசினஸ்" என்பாயாம். நான் அரிசித் தரகன். மண்ணச்சநல்லூர் மில்களிலிருந்து சாம்பிள் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு, கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம் இரண்டையும் தாண்டித் திருச்சிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டி, விலை பேசி முடித்துக் கொடுப்பவன். மில் முற்றத்தில் ஒரே ஒரு வேப்பமரம் இருந்தது. வண்டி வைத்திருந்த தரகர்கள் எல்லோரும் சீட்டு சுடாமல் இருக்க அந்த நிழலில்தான் நிறுத்துவோம். அந்த மரத்துக்கு நேர்மேலேதான் உமித் தூசியை வெளியே ஊதித் தள்ளும் குழாய். அந்தத் தூசியை எஞ்சின் தினமும் மூச்சோடு இழுத்திருக்கிறது. ஏர் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. உமி சோற்றுக்குள் வந்தால் பல்லைக் கடிக்கும், எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனைக் கடிக்கும். எங்களில் ஒருவர் விடாமல் அத்தனை பேர் வண்டியும் ஒரே வருஷத்தில் நீலப் புகை விட்டது. ஊரே சிரித்தது. பிரித்து, உள்ளே தேய்ந்ததை மாற்றிக் கட்டினோம். அன்றிலிருந்து நான் வெயிலில் நிறுத்தினேன், சீட்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டேன், ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் போட்டேன். பிரித்துக் கட்டிய அந்த எஞ்சின் புதிதாக வாங்கியபோது ஓடியதைவிட நன்றாக ஓடியது. மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்காக ஓடியது. அந்த ஓட்டத்தில்தான் நீ படித்தாய்.

இரண்டாவது முறை எதனால் என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். காலேஜில் படிக்கும்போது நண்பனைப் பின்னால் உட்கார வைத்துக் கொல்லிமலைக்குப் போனாய். அத்தனை வளைவிலும் வண்டியை முறுக்கி ஏற்றிவிட்டு வந்தாய். ஒருநாளும் வண்டிக்குக் கவர் போடாத பிள்ளை, அன்றைக்கு வந்ததும் கவரைத் தேடி எடுத்துப் போர்த்திவிட்டு, தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாய். காலையில் நான் ஸ்டார்ட் செய்தால் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். "என்னடா பண்ணின?" என்று கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருந்துது" என்றாய். உன் அம்மா குறுக்கே வந்து, "விடுங்க, புள்ள பயந்து போயிருக்கான்" என்றாள். விட்டேன். அன்றைக்கு விட்டதுதான் தப்பு என்று அவளே இப்போது சொல்கிறாள். சொல்லட்டும். பொய் சொன்னவன் தப்பைவிடக் கேட்டவன் தப்பு பெரிதாகிவிடாது.

அன்றைக்கு மெக்கானிக் பெரிய சைஸ் பிஸ்டன் போட்டுக் கட்டிவிட்டுச் சொன்னதும் உன் எதிரில்தான். "வால்வுப் பக்கம் தேய்மானம் இருக்குங்க. அதையும் மாத்தினா நல்லது. மாத்தலைன்னா கொஞ்சம் கொஞ்சமா ஆயில் குடிக்கும். வாரா வாரம் ஆயில் அளவு பாக்குற குச்சிய எடுத்துப் பாத்து ஊத்திக்குங்க. பாத்துக்கிட்டா இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்." மாற்றவில்லை. உன் செமஸ்டர் ஃபீஸ் குறுக்கே நின்றது. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை தோறும் உன் அம்மா கோலம் போட்டு முடித்த பிறகு, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் துடைத்து விட்டு எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுவேன். புனலைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நீதான். கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்தாய், ஆனால் பிடித்தாய். அந்த எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று நம் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் முட்டி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இன்னொருவன் வாசலில் நின்று வண்டியை விற்றுக்கொண்டிருந்தான்.

விற்கச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. முட்டி போன பிறகு வண்டியை நிமிர்த்திப் பிடிக்கவே எனக்கு முடியவில்லை. ஒரு வார லீவில் வந்திருந்த உன்னிடம் ஆஸ்பத்திரியில் வைத்துத் தெளிவாகச் சொன்னேன். யார் வாங்கினாலும் மூன்று விஷயம் சொல்லிவிடு. எஞ்சின் பிரித்துக் கட்டியது. ஆயில் குடிக்கும், வாரம் ஒருமுறை குச்சி பார்க்க வேண்டும். மேட்டில் பாரத்தோடு போனால் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சாயங்காலம் போன் செய்து கேட்டேன். "சொல்லிட்டேன்ப்பா, எல்லாம் சொல்லிட்டேன். சந்தோஷமா எடுத்துட்டுப் போனாரு" என்றாய். வலி மாத்திரையைவிட அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது. நர்ஸிடம்கூடச் சொன்னேன், பையன் பொறுப்பாக முடித்துவிட்டான் என்று. என்ன முட்டாள் நான்.

முந்தாநாள் நான் கேட்டபோதுதான் உண்மை உன் வாயிலிருந்து வந்தது. அதுவும் எரிச்சலோடு வந்தது. "பிரிச்ச இஞ்சின்னு சொன்னா எவன்பா வாங்குவான்?" வாங்குவார்கள். நம் மில் மேஸ்திரி, வண்டியின் ஜாதகமே தெரிந்தவர், எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். உன்னிடமும் சொல்லியிருந்தேன். அவருக்குப் போன் செய்ய உனக்குச் சோம்பல். அதைவிட, பிரித்த எஞ்சின் என்று சொல்ல உனக்குக் கூச்சம். காதில் அழகாக விழுகிறது, இல்லையா, பிரிக்காத எஞ்சின்? மலைக்கோட்டைக் கடைத்தெருவில் பழைய வண்டி விற்கிற ஒவ்வொருவனும் அந்த ஒரு வார்த்தையைத்தான் தேய்த்துத் தேய்த்து விற்கிறான். கேட்கிறவனும் கை படாத எஞ்சின் என்றால் ஏதோ கற்பூரம் காட்டிக் கும்பிட வேண்டியது என்று நினைத்துக்கொள்கிறான். ஓடுகிற எஞ்சின் தேயும். தேய்ந்தால் பிரிக்க வேண்டும். நேரத்தில் பிரித்து, ஒழுங்காகக் கட்டி, கட்டியவன் சொன்னதைக் கேட்டால் அது உழைக்கும். தேய்ந்த பிறகும் பிரிக்காமல் வைத்திருப்பது பெருமை இல்லை, சோம்பேறித்தனம். பிரித்ததை மறைப்பது அதைவிடக் கேவலம். பிரித்தது அந்த வண்டிக்குக் குறையாகவே இருக்கவில்லை. நீ மறைத்த பிறகுதான் அது குறையானது. உண்மையைச் சொல்லியிருந்தால் காதர் பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்புமுன் குச்சியை எடுத்துப் பார்த்திருப்பார். நாலு சொட்டு ஊற்றியிருப்பார். இன்றைக்கு மலையில் நைட்டி விற்றுக்கொண்டிருப்பார்.

இதற்கு நீ கண்டுபிடித்த பரிகாரம், "பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன், விடுங்கப்பா." ஏண்டா, எலும்புக்கும் ஜிபே இருக்கிறதா? பணம் கொடுக்க வேண்டியதுதான், கொடுப்போம், அது பேச்சே இல்லை. வண்டி இங்கே மெக்கானிக்கிடம் இருக்கிறது. நேற்றுப் பிரித்தார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிஸ்டன் முழுக்க உரசிக் கருகிக் கிடந்தது. உள்ளே ஆயில் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் என்னைச் சுமந்த வண்டியை அந்தக் கோலத்தில் பார்த்ததற்கு வருத்தப்பட்டேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. காதர் பாய் போகும்போது லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், மறுபடி இறங்கி வந்து மெதுவாகக் கேட்டார். அதுவரை போட்ட சத்தம் ஒன்றும் அந்தக் குரலில் இல்லை. "இன்னும் எதாச்சும் சொல்லாம விட்டிருக்கீங்களா ஐயா?" வண்டியைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு அது வண்டியைப் பற்றிய கேள்வியாகப் படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். தரகு என்றால் வாய் ஜாலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வாய் ஜாலம் செய்த தரகன் எவனும் எங்கள் பஜாரில் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. நாங்கள் கடைக்காரரிடம் குறையைத்தான் முதலில் சொல்வோம். இந்த அரிசியில் குருணை கொஞ்சம் அதிகம், இது புது நெல், சாதம் குழையும் என்று சொல்லிவிட்டுத்தான் விலைக்கு வருவோம். ஏனென்றால் கடைக்காரர் கையில் குத்தூசி இருக்கிறது. மூட்டையில் எந்த இடத்தில் குத்தி எடுத்துப் பார்த்தாலும் நான் காட்டிய சாம்பிள்தான் வர வேண்டும். சில சமயம் மில்லில் தப்பு நடக்கும், சாம்பிள் ஒன்றாகவும் லோடு வேறாகவும் போய்விடும். அது தெரிந்த நிமிஷமே தரகன் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கடைக்காரர் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் தானே போய் நின்று, "அண்ணாச்சி, நான் சொன்ன சரக்கு இது இல்லை" என்று சொல்ல வேண்டும். திட்டு விழும். வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதைச் செய்யாதவனுக்கு மறுநாள் யாரும் டீகூட வாங்கித் தர மாட்டார்கள். நானும் போய் நின்றிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் நான் கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் எஞ்சினையும் கல்யாணத்தையும் முடிச்சுப்போட்டு ஏதோ உபதேசம் செய்வேன் என்று காத்திருப்பாய். செய்ய மாட்டேன். அந்தப் பெண் ஒன்றும் எஞ்சின் இல்லை, நீ குச்சி விட்டுப் பார்க்க. உன்னைவிட நன்றாகப் படித்தவள், உன்னைவிடத் தைரியசாலி. அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவளுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

நிச்சயதார்த்தத்தன்று உறையூரில் சாப்பிட்டுக் கை கழுவப் போனேன், ஞாபகமிருக்கிறதா? நீ மொபைலில் போட்டோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். பெண்ணின் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத மனிதர். துண்டைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எனக்கு ஒரே பொண்ணு. ஜாதகம், சம்பளம் எல்லாம் பாத்தாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தம்பி எப்படி?"

எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் பதில் சொன்னேன். குறையை முதலில் சொன்னேன். "முன்கோபம் உண்டுங்க. கை கொஞ்சம் ஓட்டை, செலவாளி. காலையில் எழுப்பறதுக்கு ஆள் வேணும். ஆனா பொய் சொல்ல மாட்டான்ங்க. அதை நம்பி நீங்க பொண்ணு குடுக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு குறையச் சொல்லிட்டு ஒரு நிறையச் சொன்னீங்க பாருங்க, அது போதும்ங்க எனக்கு" என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறது ஊர். நான் ஒரு பொய்யும் சொல்லாமல் உன் கல்யாணத்தைப் பேசி முடித்ததாக நினைத்திருந்தேன். எனக்கே தெரியாமல் என்னை ஒரு பொய் சொல்ல வைத்திருக்கிறாய். அதுவும் அந்த மனிதரிடம். நான் சொன்ன நாலில் அவர் பிடித்துக்கொண்ட அந்த ஒன்று.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கெஞ்சவில்லை, சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. கார் எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தாதே. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து உப்பிலியபுரம் போ. நான் கூட வர மாட்டேன். நான் வந்தால் என் முகத்துக்காக அவர் உன்னை உட்காரச் சொல்லிவிடுவார். அது வேண்டாம். அவர் முன்னால் நின்று மூன்று விஷயத்தைச் சொல். எஞ்சின் இரண்டு முறை பிரித்தது. ஆயில் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உங்களிடம் மறைத்தேன். "கவனிக்கலை", "மறந்துட்டேன்" என்று எதையும் ஒட்டுப் போடாதே. வண்டியை இந்தத் தடவை வால்வுப் பக்கமும் மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். அதை எடுத்துக்கொள்வாரா, பணமாக வாங்கிக்கொள்வாரா என்பது அவர் இஷ்டம். திட்டினால் கேட்டுக்கொள். அவர் மனைவி பேசினால் அதையும் கேட்டுக்கொள், அந்தம்மா பேச்சு இன்னும் காரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை அவர் கையில் கொடு. முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு என்பது நம் வழக்கம். சாமி படத்தடியில் உன் அம்மா வைத்துவிட்டாள். அடுத்தது இந்த வருஷம் உப்பிலியபுரத்துக்கு. உன் மாமன் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லலாம். சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, பத்திரிகையை எடுத்துக்கொண்டு திரும்பி வா. அவர் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அவர் பாடு. நீ போக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே எனக்குப் போன் செய்வார், நம்பர் கொடுத்திருக்கிறேன். நீ போன் செய்து "சொல்லிட்டேன்ப்பா" என்று சொல்ல வேண்டாம். அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்டு நம்புகிற காலம் போய்விட்டது. அது திரும்பி வர வருஷமாகும். வராமலும் போகலாம்.

போன் வரவில்லை என்றால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லையே என்று குறைபடாதே. பந்தல் போடுவார்கள், போடட்டும். உன் அம்மா பட்டுப்புடவை கட்டுவாள், கட்டட்டும். பத்திரிகையில் மேலே அழைப்பவர் என்று இருப்பது என் பெயர். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததும் அதே பெயர்தான். இரண்டையும் காட்டித்தான் நீ ஊரை நம்ப வைக்கிறாய். திங்கட்கிழமை காலை முதல் டவுன் பஸ்ஸில் நான் உறையூர் போவேன். கைத்தடியை வாசலில் சாய்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் அப்பாவிடம், "சம்பந்தி, அன்றைக்கு நான் ஒன்று சொன்னேன், அது தப்பு" என்று ஆரம்பிப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். அதன் பிறகு கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

சாம்பிள் காட்டியது நான்தானே. அவர்கள் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா